ஆறு வீட்டுச் சுவரில் தார்ப்பாய் விலை

வராத நாளுக்கு சைபர் போட வேண்டும் என்பது எனக்குச் சோறு போடும் விதி. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக செக்ரோல் எழுதுகிறேன். செக்ரோல் என்றால் ஆள்வரிசைப் புத்தகம். யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து கிள்ளினார்கள் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. காலியாக விட்டால் பின்னால் யாராவது ஒரு எண்ணைச் செருகிவிடலாம். அதனால் வராதவருக்கு சைபர். நேற்று விட்டுப்போனதை இன்றைக்கு எழுதவும் கூடாது, அது திருட்டுக்குச் சமம். புத்தகம் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் விதி போகவில்லை. இந்த இரண்டையும் நான் ஒருநாளும் மீறியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் என் அக்காவின் வீட்டை முழுங்கப் பார்த்தது.

அக்கா அதே எஸ்டேட்டில் நாற்பத்தோரு வருடம் கொழுந்து கிள்ளியவள். அப்பாவுக்கு முதுகு போனபோது அவளுக்குப் பதினேழு வயது. அவள் மலைக்குப் போனதால் நான் காலேஜுக்குப் போனேன். அவள் கிள்ளினாள், நான் அதை எழுதுகிறவன் ஆனேன். மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. போன டிசம்பரோடு அக்காவுக்கு வயது முடிந்து வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். மே மாதக் கடைசிக்குள், மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லி இருந்தார்கள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஆறு வீடு. ஒருவர் இருமினால் ஆறு வீட்டிலும் மருந்து சொல்வார்கள். அக்காவுடையது முதல் வீடு. அவளுக்கு வண்டிப்பெரியாறு பக்கம் சொந்தமாக மூன்று செண்ட் இடமும் அதில் ஒரு வீடும் வேண்டும். இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு மிளகுத் தோட்டக்காரர் ஓரத்தில் கொஞ்சம் நிலத்தை விற்பதாக இருந்தார். கையில் வரப்போகும் பணிக்கொடைக்கும் அந்த இடத்தின் விலைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது.

"பேசாம என் வீட்டுக்கு வந்துரு அக்கா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எனக்கு பீர்மேட்டில் சொந்த வீடு இருக்கிறது.

"நாலு நாள் இருப்பேன். அஞ்சாவது நாளு ஒம் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் சோறு வடிக்கணும்" என்றாள். என் மனைவி நல்லவள்தான். அக்கா சொன்னதும் சரிதான்.

அந்தப் பள்ளத்தை நிரப்பும் வழி எனக்குப் போனில் கிடைத்தது. ஆபீசில் அப்போது எல்லோரும் ஷேர் பைத்தியம் பிடித்துத் திரிந்தார்கள். நான் அவர்களைப் போலக் குருட்டாம்போக்கில் வாங்குகிறவன் இல்லை. ஒரு வீடியோ பார்த்தேன். லீனியர் ரிக்ரெஷன். ஒவ்வொரு நாள் விலையையும் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். புள்ளிகள் ஏறுக்குமாறாகக் கிடக்கும். அவற்றின் நடுவே ஒரு நேர்கோடு போட வேண்டும், எந்தப் புள்ளிக்கும் செல்லம் கொடுக்காமல், எல்லாப் புள்ளிகளோடும் உள்ள மனத்தாங்கலின் மொத்தம் முடிந்த அளவு குறைகிற மாதிரி. அந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் நாளைக்கு விலை எங்கே நிற்கும் என்று தெரியுமாம். கடைசியில் அந்த ஆள் ஏதோ எச்சரிக்கையும் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் போனில் ரேஞ்ச் போய்விட்டது.

இது நடந்தது போன வருடம் ஜூனில். எந்தக் கம்பெனியை எடுப்பது என்று அக்காவிடமே கேட்டேன். அவள் பணம், அவள் விருப்பம்.

"டீ கம்பெனி பார்க்கலாமா?"

"அவங்க நடத்துற லட்சணத்த நாப்பது வருசமாப் பாக்கேன். வேண்டாம்." சுவரில் ஆணியில் தொங்கி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த படுதாவைப் பார்த்தாள். மழையில் கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் விரிப்பு அது. "இத யாரு செய்யிறா? மழை உள்ள வரைக்கும் அவனுக்கு ஒரு குறையும் வராது."

தேடிப் பார்த்தேன். தார்ப்பாயும் படுதாவும் செய்கிற ஒரு கம்பெனி சந்தையில் இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சந்தை மூடியதும் அதன் விலையைப் பார்த்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் எழுதிவைத்தேன். சனி ஞாயிறு சந்தைக்கு விடுமுறை, அதற்குக் கட்டமே போடவில்லை. மற்ற நாட்களில் கட்டம் உண்டு. ஆனால் பீர்மேட்டு மழை பீர்மேட்டு மழைதான். டவர் இருக்கிற குன்று மேகத்துக்குள் போய்விட்டால் போன் வெறும் டார்ச் லைட். ஜூலையில் உருள் பொட்டி, மலை சரிந்து ரோட்டில் விழுந்து, சந்தை நடந்த ஒன்பது நாள் கரண்டும் இல்லை, ரேஞ்சும் இல்லை. விலை தெரியவில்லை. விலை வரவில்லை. வராத நாளுக்கு என்ன போட வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லித்தர வேண்டுமா? ஒன்பது சைபர் போட்டேன்.

மழை விட்ட பிறகு அந்த நாட்களின் விலையை ஒரு தட்டு தட்டி எடுத்திருக்கலாம், போனிலேயே இருக்கிறது. பின்னால் எழுதுவது திருட்டு. நான் எழுதவில்லை.

செப்டம்பரில் மழை குறைந்தது. அக்டோபரில் இரண்டு மூன்று நாள்தான் விலை வரவில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தது. டிசம்பர் பாதியில், கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் லயத்து வாசலில் தொங்கத் தொடங்கிய நேரத்தில், கோடு போடச் சொல்லி பொத்தானை அமுக்கினேன். கோடு கிடுகிடுவென்று ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா அதைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. செவுத்துல போடு."

போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை என்று அளவு வைத்து, ஜூன் முதல் டிசம்பர் வரை முன்னறைச் சுவரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பிறகு நூலை நீலத்தில் முக்கி, ஒரு முனையை அக்கா பிடிக்க, மறுமுனையை நான் பிடித்து, கொத்தனார் அடிப்பது போலச் சுண்டினேன். சுவரில் நீலக் கோடு விழுந்தது. ஆறு வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். சுவரின் அடியில், தரையோடு தரையாகக் கிடந்த புள்ளிகளைக் காட்டி, இதெல்லாம் என்ன என்று கேட்டார்கள்.

"அன்னிக்கு விலை வரல" என்றேன்.

"மழையில யாரு ஒழுங்கா வந்தா?" என்றாள் அக்கா. "ஜூலையில நானே ஒரு வாரம் போகல."

எல்லோரும் தலையாட்டினார்கள். டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மூன்றாம் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் யோசிக்கிற ஆள். "படுதா கம்பெனின்னா மழையிலதான நல்லா ஓடணும்? மழை மாசத்துலதான் இப்படித் தரையில கெடக்கு?" என்றார்.

"மழையில எல்லாரும் கடனுக்கு வாங்குவாங்க அண்ணாச்சி. காசு வாறது மழை விட்ட பொறவுதான?"

லயத்துக் கடையும் அப்படித்தான் நடக்கிறது. அவருக்குத் திருப்தியாகிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்ன எனக்கே அந்த விளக்கம் பிடித்துப்போய், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அக்காவின் சுவர் டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. கோடு இனிமேல்தான் போக வேண்டும். அதற்கு அடுத்த வீட்டுச் சுவர்தான் இருந்தது. ஒரு விரற்கடைக் கணக்கில் அடுத்த வீட்டிலேயே ஐந்து மாதமும் முடிந்துவிடும். ஆனால் மற்ற நான்கு வீட்டாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அக்கா வீட்டு விசேஷத்தில் தங்களுக்குப் பங்கில்லையா என்று கேட்டார்கள். நியாயம்தான் என்று பட்டது. குறுக்கு அளவை நீட்டி, வீட்டுக்கு ஒரு மாதம் என்று பிரித்துக் கொடுத்தேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. கணக்கில் இதில் ஒரு தப்பும் கிடையாது. சாய்வு கொஞ்சம் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்றாம் வீட்டுக்காரர், பிப்ரவரியில் இருபத்தெட்டு நாள்தானே, எங்களுக்கு மட்டும் குறைவா என்று கேட்டார்.

ஜனவரி வீட்டு மதினி கத்தோலிக்கர். முன்னறையில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டி, கீழே விளக்கு வைத்திருப்பார். நூல் பிடித்துப் பார்த்தால் கோடு நேராக அந்தப் படத்தின் மேல் போகிறது.

"படத்த ரெண்டு விரற்கடை தள்ளிக்கலாமா மதினி?"

"அவரு எதுக்குத் தள்ளணும்? ஒம் கோட்டத் தாழ்த்து."

தாழ்த்தினால் கணக்குப் போய்விடும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் கோடு படத்துக்குப் பின்னால் புகுந்து மறுபக்கம் வெளியே வருவதாகப் பேசி முடித்தோம். நான்கு நாளைக்கு விலை படத்துக்குப் பின்னால் இருக்கும், அதுவும் நல்லதுதான் என்றார் மதினி. சுற்றுலா ஜீப் ஓட்டும் தம்பியின் வீடு ஏப்ரல். அங்கே டி.வி.க்குச் சற்று மேலே, ஏப்ரல் இருபதாம் தேதியில், விலை ஒன்றரை மடங்கு ஆனால் போதும் என்று அக்கா சொல்லியிருந்த உயரத்தைக் கோடு தொட்டது. அந்த இடத்தில் அவன் மனைவி தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினாள். அதுதான் அக்காவின் வீடு என்று எல்லோரும் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

ஜனவரியில் பணிக்கொடை வந்தது. பாதியைப் போடலாம், பாதி பேங்கில் இருக்கட்டும் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்திருக்க வேண்டும்.

"பாதி வீட்டுலயா குடியிருக்கப் போறேன்?" என்று முழுவதையும் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரத்தின் ஐந்து புள்ளிகளை வைக்க லயத்துக்குப் போவேன். ஆறு வீட்டிலும் டீ கிடைக்கும். யாருடைய பெயரும் யாருக்கும் நினைவில்லாதது போல, ஜனவரி வீட்டில் பிரியாணியாம், மார்ச் வீட்டில் எண்ணெய் இருக்கா என்றெல்லாம் பேச ஆரம்பித்திருந்தார்கள். கோடு மேலே போய்க்கொண்டிருந்தது. புள்ளிகள்தான் போகவில்லை. அவை சுவரின் நடுவில், கம்பிமேல் உட்கார்ந்த குருவிகள்போல வரிசையாக நின்றன. இடைவெளி சகஜம் என்று நான் சொன்னேன். "லேட்டா மஸ்டருக்குப் பேரு குடுக்க வாற ஆளு மாதிரி, வந்து சேந்துக்கும்" என்றார் மே வீட்டுக்காரர். ஜனவரி மதினி மெழுகுவர்த்தி ஏற்றி, இந்தப் புள்ளிகளைக் கோட்டோடு சேர்த்தருளும் என்று ஜெபித்தார். நானும் கண்ணை மூடி நின்றேன். எனக்கு அந்த நேரத்தில் யார் உதவி செய்தாலும் சரி என்றிருந்தது.

பிப்ரவரி வீட்டுக்குள் போனதும் புள்ளிகள் லேசாக இறங்கத் தொடங்கின. பழி அந்த வீட்டின்மேல் விழுந்தது. ராசியில்லாத வீடு, வாசலில் செருப்பைத் தாறுமாறாகப் போடுகிறார்கள், அதனால்தான் என்று மார்ச் வீட்டில் பேச்சு எழுந்தது. மானஸ்தரான பிப்ரவரி வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கதவுக்குள் விடவில்லை. "நீரு அளவைச் சொல்லும், நானே வைக்கேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். நான் வெளியே நின்று ஒவ்வொரு புள்ளிக்கும் தரையிலிருந்து எத்தனை சாண், எத்தனை விரற்கடை என்று கத்தினேன். அடுத்த வாரம் உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து புள்ளிகளும் அச்சடித்தாற்போல நீலக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "அண்ணாச்சி, இது செக்ரோலத் திருத்துற மாதிரி. ஜெயில்ல போடலாம் தெரியுமா?"

"எங்க வீட்டுக்கு வந்த புள்ளி கீழ விழுந்தா எங்களுக்கில்ல கேவலம்?" என்றார் அவர். இரண்டு பேரும் ஒருவர் கையிலிருந்த ரப்பரை மற்றவர் பிடுங்கிச் சண்டை போட்டோம். எனக்கு வயது நாற்பத்தெட்டு, அவருக்கு ஐம்பதுக்கு மேல்.

மார்ச் மாதம் எஸ்டேட், ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு ஃபிளாஸ்கும் ஒரு சான்றிதழும் கொடுத்தது. சான்றிதழில் கடைசி வருடத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கிலோ கிள்ளினார்கள் என்று இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் சரியில்லை.

"ஏலே, இந்தக் கிலோவ யாரு கணக்குப் போட்டது?"

"நான்தான்."

"இம்புட்டுதான் நான் கிள்ளினேனா? புதுசா வந்த பிள்ளைக கூட இதவிடக் கூடக் கிள்ளும்."

"மொத்தக் கிலோவ மொத்த நாளால வகுத்தேன்க்கா."

"கர்ப்பப்பை ஆபரேசனுக்குப் படுத்துக் கெடந்தேனே ரெண்டு மாசம், அந்த நாளையும் சேத்தா?"

"அந்த நாள்லயும் கட்டம் இருக்குல்ல? சைபர்..."

"கோட்டயத்துல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தேன்டா நான். மலையில நின்னு சைபர் கிலோ கிள்ளினேன்னு எழுதுவியா? வராதது வேற, வந்து கிள்ளாதது வேற. வந்த நாளுக்கு எவ்வளவுன்னு பாருடா, அதான் என் கை."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். மெதுவாகத் திரும்பி முன்னறைச் சுவரைப் பார்த்தாள். குனிந்து, ஜூலை மாதத்தில் தரையோடு கிடந்த ஒன்பது புள்ளிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அப்ப இதெல்லாம் என்ன?"

அவள் வாயைத் திறக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. புள்ளி வைக்காமலே கிளம்பி, பூட்டிக்கிடந்த ஆபீசை வாட்ச்மேனிடம் கெஞ்சித் திறக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சைபர்களை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடியும் கோடு போட்டேன். கோடு படுத்துவிட்டது. படுத்ததோடு, ஒரு பக்கம் லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. தார்ப்பாய் விலை எப்போதும் ஏறவே இல்லை. ஏழு மாதமாக நான் அளந்தது பீர்மேட்டு மழையை. மழைக்காலத்தில் ரேஞ்ச் இல்லை, மழை விட்டதும் ரேஞ்ச் வந்தது, அதைத்தான் என் கோடு ஏறுமுகம் என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பித்தான் ஒருத்தி நாற்பத்தோரு வருட உழைப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு என் எழுத்தைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

மூன்று நாள் அக்கா பக்கம் போகவில்லை. தைரியம் இல்லை. புதன்கிழமை போய்ச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "வித்துரு" என்றாள். விற்றதில் கொஞ்சம் குறைந்தது, பெரிய அடி இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மிளகுத் தோட்டக்காரரைப் பார்க்கப் போனோம். ஏப்ரல் வீட்டுத் தம்பி தன் ஜீப்பில் கூட்டிப் போனான். தோட்டக்காரர் நல்ல மனிதர், கட்டன் சாயா கொடுத்தார். விலையைச் சொன்னார். விற்று வந்த பணம் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

"சேட்டா, டிசம்பர்ல இவ்வளவு இல்லன்னு அக்கா சொன்னாளே?"

"அது டிசம்பர்ல பறஞ்ச வில அல்லே? இப்போ ரோடு வருது. ஜனவரியில கூட்டி, பெப்ருவரியில கூட்டி... சேச்சிக்கு அறியாமே."

அக்காவுக்குத் தெரியும். மாதா மாதம் முதல் வாரத்தில் பஸ் ஏறி வந்து, இடம் இருக்கிறதா என்று பார்த்து, விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு மாதத்து விலையையும் எனக்குச் சொன்னாள். கை சும்மா இருக்காதே, பாக்கெட்டிலிருந்த சீட்டின் பின்னால் புள்ளி வைத்துப் பார்த்தேன். நான்கு மாதம், நான்கு புள்ளி. நூல் பிடித்தாற்போல ஒரே கோடு. அத்தனை நேரான கோட்டை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஏறுகிற கோடு ஊரிலேயே ஒன்று இருந்திருக்கிறது. நான் ஆறு வீட்டுச் சுவரைப் பாழாக்கி வேறொன்றைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில், பாதி வழியில் நான்தான் கேட்டேன். "டிசம்பர்ல எவ்வளவுக்கா குறைஞ்சுது?"

அக்கா தொகையைச் சொன்னாள்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு முந்தின வருடம் நான் பி.எஃப்.பில் லோன் போட்டு வீட்டு முன்னால் ஒரு கார் ஷெட் கட்டினேன். என்னிடம் கார் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கட்டினார் என்று நானும் கட்டினேன். அக்கா சொன்ன தொகை அந்தக் கார் ஷெட்டுக்கு ஆன செலவில் முக்கால் பங்குகூட இல்லை.

"இம்புட்டுதானா?" என்றேன்.

"இம்புட்டுதான்." அவள் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "மூணு மாசமா ஞாயித்துக்கெழம தவறாம லயத்துச் செவுத்துல நின்னு கணக்குப் பாத்தே. எவ்வளவு குறையுதுக்கான்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல தம்பி?"

ஜீப் ஓட்டிய தம்பி கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான்.

மறுநாளே லோனுக்கு எழுதிப்போட்டேன். ஏற்கனவே ஒன்று பாக்கி இருந்ததால் பாதிதான் கிடைத்தது. அதையும் அக்காவின் பணத்தையும் சேர்த்து, ஏறியிருந்த விலைக்கு, மூன்று செண்டுக்குப் பதிலாக இரண்டு செண்ட் வாங்கினோம். மீதி ஒரு செண்ட் என் கோட்டில் போனது. மே மாதக் கடைசியில் அக்கா லயத்தைக் காலி செய்தாள். ஐந்து வீட்டாரும் சாமான் தூக்கினார்கள். பிப்ரவரி வீட்டு அண்ணாச்சி அழுதுவிட்டார். வீடு எழும்பும் வரை அவள் என் கார் ஷெட்டில் இருக்கிறாள். உள்ளே வா என்று நானும் கூப்பிட்டேன், என் மனைவியும் கூப்பிட்டாள். வரவில்லை. அங்கேயே அடுப்பு வைத்துக்கொண்டாள். யாரைக் கேட்டும் சோறு வடிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் அளவு போட்டுவிட்டுப் போயிருந்தார். அஸ்திவாரம் தோண்ட இன்னும் நாள் இருக்கிறது. அக்கா காலையிலேயே போய்விட்டாள். நான் மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். காட்டுச்செடியும் தொட்டாச்சிணுங்கியும் மண்டிக் கிடந்த நிலம், நடுவே அக்கா நிற்கிறாள். நேராக அவளைப் பார்த்து நடந்தேன்.

"நில்லுல! செவுத்து வழியா வாறே."

காலடியில் பார்த்தேன். ஈரத்தில் பாதி கரைந்த வெள்ளைப் பொடி.

"வாசல் அங்கிட்டு இருக்கு. சுத்தி வா."

பின்னால் நடந்து, பொடி விட்டிருந்த இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்துச் சுற்றி வந்தேன். செருப்பு என்றாள். கழற்றி வெளியே வைத்தேன். உள்ளே காலை வைத்ததும் முள் குத்தியது. அக்கா அந்தப் பத்தடிக்குப் பத்தடி புல்லின் நடுவில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை.

"வந்தவன் மரம் மாதிரி நின்னா எப்படி? எங்க உக்காரட்டும்னு கேக்க மாட்டியா?"

கேட்டேன்.